மச்சாள் காட்டிய கிணறு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. பேசாலைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு நான் எழுதியது என்றால் வெளிநாட்டில் இருக்கிற மகனுக்குச் சில கடிதங்களும், நிவாரணம் வாங்கப் போட்ட கையெழுத்தும்தான். ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. அடுப்பில் எதை வைத்தேன் என்பதையே மறந்துபோகிறேன்.

கோயில் திருவிழா மலருக்கு, யாத்திரைப் பாதை வந்த பிறகு எங்கள் ஊர் எப்படி மாறியது என்று பழைய ஆள் ஒருவர் எழுதவேண்டும் என்று சிஸ்டர் வந்து கேட்டார். "எனக்குக் கூச்சம் சிஸ்டர், நாலு பேருக்கு முன்னால வாய் திறக்கமாட்டன்" என்றேன். "எழுதிறதுக்கு வாய் திறக்கத் தேவையில்லையே அம்மா" என்றார். அதனால் எழுதுகிறேன்.

பாதையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுதக் கொப்பியை விரித்தால் மச்சாள்தான் வந்து நிற்கிறார். மச்சாள் என்றால் என் கணவருடைய மூத்த சகோதரி, அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயர் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது. வந்தால் அதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கும் என்று சொல்லியிருப்பார்.

மன்னார்த் தீவில் இருந்து பெரிய பாலத்தைத் தாண்டி நானாட்டானுக்குப் போகிற பக்கம், வயலுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நான் தீவுக்குள் இருக்கிற பேசாலையில் இருந்து கலியாணம் முடித்து வந்தவள். மச்சாள் அங்கேயே பிறந்தவர். அவருடைய கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டு வளவிலேயே ஒரு பக்கத்தில் ஓலைக்கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார். ஊரில் அவருக்குப் "பொறுங்கோ அக்கா" என்று பெயர். யாராவது எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது, "பொறுங்கோ ஒருக்கா" என்று குறுக்கே வந்து பிழையைத் திருத்துவார். திருத்தாமல் விட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அது ஒரு வருத்தம், ஒரு நோய் மாதிரித்தான்.

ஒரு திருநாள் பிரசங்கத்தில், எங்கள் மாதா சொரூபத்தை முன்னோர்கள் மாட்டு வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள் என்று பங்குச் சுவாமி சொன்னார். பெண்கள் பக்கத்துப் பாயில் இருந்து சத்தம் வந்தது.

"பொறுங்கோ சுவாமி. வண்டியில இல்லை, தலையில. வண்டில் குடை சாய்ஞ்சுபோச்சு எண்டுதான் தலையில வைச்சவை."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். சுவாமி நல்லவர். "சரி, தலையில்" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு பழைய கதை எதையும் சொல்லத் தொடங்கும்போது அவர் கண் முதலில் மச்சாள் இருக்கிற பாய்க்குத்தான் போகும்.

செத்த வீட்டிலும் அப்படித்தான். எங்களுக்குப் பக்கத்து வளவில் ஒரு மனிதர் இறந்தபோது, மனைவி பிரேதத்தின் காலடியில் இருந்து, "ஒருநாளும் என்னில கை நீட்டாத ராசாவே" என்று அழுதாள். பக்கத்தில் இருந்த மச்சாள் அவள் முதுகில் கை வைத்தார்.

"பொறு பிள்ளை. ஒருக்கா நீட்டினவர். அந்தோனியார் திருநாளண்டைக்கு."

அழுகை நின்றது. அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓம் அக்கா. அண்டைக்கு மட்டுந்தான்" என்றாள்.

"அண்டைக்கு மட்டுந்தான். பிறகு வெக்கத்தில ஒரு கிழமை அவர்தான் உலை வைச்சவர். அதையும் சொல்லி அழு."

அவள் அதையும் சொல்லி அழுதாள். முதலில் அழுதது வந்த சனத்துக்கு. இரண்டாவது அழுதது அந்த மனிதருக்கு. அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரிந்தது.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் செய்ததை மட்டும் நான் நெடுநாள் மனதில் வைத்திருந்தேன். நான் பலகாரத் தட்டோடு நிற்கிறேன். மாப்பிள்ளையின் தாய், "பிள்ளைக்கு வருத்தம் வாதை ஒண்டும் இல்லைத்தானே" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மச்சாள், "பொறுங்கோ. மாரி மழைக்கு மூச்சு இழுப்பு வரும்" என்றார். மாப்பிள்ளைப் பொடியன் சிரித்துவிட்டு, "எனக்கும்தான் வாறது. ரெண்டு பேருக்கும் ஒரு மருந்து போதும்" என்றான். கலியாணம் நடந்தது. நல்ல பிள்ளை அவன். ஐந்தாறு வருடத்தில் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. மகள் இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கள் வளவுக்கே வந்துவிட்டாள்.

மச்சாள் மற்றவர்களைத் திருத்தியதைத்தான் சனம் சொல்லிச் சிரிக்கும். தன்னைத் திருத்தியதை நான் கண்டிருக்கிறேன். ஒரு ஆவணி, மடு மாதா கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிற குடும்பம் ஒன்று எங்கள் வாசல் படலையில் நின்று வழி கேட்டது. தாய், தகப்பன், ஒரு கைக்குழந்தை. குளக்கட்டால் போனால் கிட்ட என்று மச்சாள் சொல்லி அனுப்பினார். அவர்கள் போய்ச் சோறு வடிக்கிற நேரம் இருக்கும், மச்சாள் குடையைத் தேடினார்.

"எங்க மச்சாள் இந்த வெயிலுக்க?"

"நான் அவைக்குச் சொன்னது முந்தநாள் கண்டது. நேற்று வயலுக்குத் தண்ணி திறந்தவங்கள். கட்டுக்கு அங்கால முழங்காலளவு நிக்கும்."

"தண்ணியைக் கண்டால் அவை திரும்புவினம்தானே."

"கைக்குழந்தையோட போறவை மச்சாள். என்னை நம்பியெல்லோ போறவை."

சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற மத்தியானம். குடை மேலே மடிந்துபோய், குச்சியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். பொழுது சாய்கிற நேரம் திரும்பி வந்து, குடத்தை அப்படியே தூக்கித் தண்ணீர் குடித்தார். அவர்களை வயல் கரையில் பிடித்து, பெரிய வீதியில் ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

நடந்து போகிற வழி என்றால் மச்சாளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். கரையோர ஊர்களில் இருந்தும் தீவுப் பக்கத்தில் இருந்தும் சனம் வண்டில் கட்டிக்கொண்டு, வண்டிலுக்குப் பின்னால் செபமாலை சொல்லி நடந்து, எங்கள் ஊரைக் கடந்துதான் மடுவுக்குப் போகுமாம். தாய் தகப்பனோடு அவரும் அப்படி நடந்தவர். நான் அதைக் கண்டதில்லை, நான் கலியாணம் முடித்து வந்தபோது அது நின்றுபோயிருந்தது. பேசாலையில் இருந்து நாங்கள் கோச்சியில் ஏறி மடு றோட் ஸ்டேசனில் இறங்கிப் போனவர்கள்.

பிறகு சண்டை வந்தது. எல்லாருக்கும் தெரிந்த கதையை நான் எழுதவில்லை. தொண்ணூறில் எங்கள் வீதிக்கு மறுபக்கம் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் உடுத்த உடுப்போடு போகவேண்டி வந்தது. புத்தளப் பக்கம் போனார்கள். இயக்கம் அவர்களைப் போகச் சொன்னபோது நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். பல வருடம் கழித்து நாங்களும் போகவேண்டி வந்தது. அடுப்பைக் கூட அணைக்காமல் போனோம். திரும்பி வந்தபோது ஊர் இருக்கவில்லை. உடைமரமும் விடத்தல் முள்ளும் கோயில் கூரை உயரத்துக்கு நின்றன.

பற்றை வெட்டும்போது கோயிலுக்குப் பின்னால் ஒரு கிணறு தெரிந்தது. கட்டு இடியாமல் இருந்தது. சீமெந்தில் ஒரு குருசு கீறியிருந்தது. கண்டவர்கள் முழங்காலில் இருந்தார்கள். எல்லாம் அழிந்த இடத்தில் குருசோடு ஒரு கிணறு நின்றால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது. பழைய யாத்திரைக்காரர் தண்ணீர் குடித்த கிணறு இதுதான் என்று யாரோ சொன்னார்கள். சுவாமி வந்து ஆசீர்வதித்தார். மாதா கிணறு என்று பெயர் வந்தது. சனம் போத்தலில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய் வருத்தக்காரருக்குக் கொடுத்தது.

மச்சாள் அப்போது ஊரில் இல்லை. வெள்ளாங்குளத்தில் ஒரு தங்கை வீட்டில் காய்ச்சலோடு கிடந்தார். ஒரு வருடம் பிந்தித்தான் வந்தார். வந்த அன்றே கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சுற்றிப் பார்த்தார். எட்டிப் பார்த்தார்.

"பொறுங்கோ. இது எங்கட அப்பு மாட்டுக்கு வெட்டின கிணறெல்லோ."

எங்கள் கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் பக்கத்தில் நின்றார். "குருசு கிடக்கே அக்கா" என்றார்.

"எங்கட மேசன்மார் கோழிக்கூட்டுக்கும் குருசு கீறுவாங்கள், மூப்பர். உங்கட வீட்டுப் பன்றிக்கூட்டிலயும் கிடந்தது."

சனம் சிரித்தது. மூப்பரும் சிரித்தார். "மாடு குடிச்சதெண்டாலும் சுவாமி ஆசீர்வதிச்சால் அது மாதா கிணறுதான் அக்கா."

மச்சாள் யோசித்தார். "அது சரி" என்றார். "ஆனா யாத்திரைக்காரர் குடிச்சது இதில்லை." அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அதனால் அன்றைக்கு யாருக்கும் நட்டமில்லை.

நட்டம் என்று வந்தது பாதை வந்த பிறகுதான். பழைய கோயில்கள், கோட்டை, தீவில் நிற்கிற பருத்த பெருக்கமரம் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு, பழைய யாத்திரை வழியைத் திரும்ப நடக்கவைக்கிற திட்டம் ஒன்று வந்தது. மூன்று பாஷையில் பலகை நட்டார்கள். முதலில் நாலைந்து பேர் நடந்து வந்தார்கள். பிறகு பஸ்ஸில் வந்து இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தார்கள். பிறகு தெற்கில் இருந்தும் சிங்களச் சனம் வந்தது. எங்கள் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் பாஷை எங்களுக்குத் தெரியாது, ஆனால் மாதாவுக்கு முன்னால் அவர்களும் எங்களைப்போலவே அழுதார்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குச் சில கோபம் குறைந்தது. எல்லாம் இல்லை, சில.

ஊர் மாறியது. படலையைத் தாண்டாத பெண்கள் பனையோலைப் பெட்டி பின்னி வீதியில் வைத்து விற்றார்கள். பொடியள் முச்சக்கர வண்டி எடுத்தார்கள். எங்கள் கழுதைகளைக் கூட வெள்ளைக்காரர் படம் பிடித்தார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. நல்ல நண்டும் மீனும் கரையிலேயே விருந்தினர் வீடுகளுக்குப் போனது. எங்கள் சட்டிக்குச் சின்னச் சூடை மீன்தான் வந்தது. ஒருவர் வாசலில் பஸ் நின்றால் மற்றவர் முகம் கறுத்தது.

மகள் மாதா கிணற்றடியில் பலகையும் தகரமும் வைத்து ஒரு கடை போட்டாள். பால் அப்பம், சம்பல், தேத்தண்ணி. விடியக்காலையில் அப்பம் சுட்டது மச்சாள்தான். அவர் சுட்டால் விளிம்பு சருகுபோல் இருக்கும், நடு பஞ்சுபோல் இருக்கும். புருசன் போனபிறகு மகள் நிமிர்ந்து நடந்ததை நான் கண்டது அந்தக் கடை வந்த பிறகுதான். பெரியவளை மன்னார்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். பிள்ளைக்குக் காலுக்குச் சப்பாத்து வாங்கிய அன்று அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. யாத்திரைக்காரர் பழைய காலத்தில் தங்கித் தண்ணீர் குடித்த கிணறு எது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு மண்டபமும் கழிப்பறையும் கட்டப் போகிறார்கள். பஸ் எல்லாம் அங்கேதான் நிற்கும். மாதா கிணறு என்று முடிவானால் மகளின் கடை நிலைக்கும். இல்லையென்றால் சனம் வேறு பக்கம் போகும், கடையை மூடவேண்டியதுதான். ஊரில் வயதான ஆட்களிடம் கேட்டு எழுத வருகிறார்கள் என்று மூப்பர் சொன்னார். சண்டைக்குப் பிறகு ஊரில் வயதான ஆட்கள் என்று அதிகம் பேர் மிஞ்சவில்லை.

வந்த அன்று மகள் என் தலையை வாரிவிட்டு, நல்ல சீலையை உடுத்திவிட்டாள். "அம்மா, நீங்க ஒண்டும் கதைக்க வேண்டாம். ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள். மாமிக்கு, அதுதான் மச்சாளுக்கு, சொல்லவில்லை. அப்பம் சுட்டு முடிந்ததும் மாவு அரைக்கிற வேலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாள்.

திட்டத்தில் இருந்து ஒரு தம்பியும் ஒரு பெண் பிள்ளையும் வந்தார்கள். தம்பி கேட்டார், பிள்ளை போனில் பதிந்தாள். என்னைக் கதிரை போட்டு இருத்தினார்கள். ஊரே சுற்றி நின்றது.

"அம்மா, நீங்க சின்ன வயசில யாத்திரைக்காரர் இந்தக் கிணற்றில தண்ணி குடிச்சதைக் கண்டனீங்களா?"

"ஓம்."

"வண்டில் எல்லாம் இதிலயா நிண்டது?"

"ஓம்."

"ராவில இதிலதான் படுப்பினமா?"

"ஓம்."

கிணற்றுக்கட்டில் கை வைத்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். புத்தகம் ஒன்று வரும், அதில் உங்கள் படமும் வரும் என்றார்கள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது பின்னால் திரும்பினேன். மச்சாள் நின்றார். கையில் மாவு காய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. முதலாவது "ஓம்" சொன்னபோதே நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். வாய் திறக்கவில்லை. அவர் அப்படிப் பேசாமல் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மகள் அவர் கையைப் பிடித்தாள். "மாமி, இண்டைக்கு ஒருநாளைக்குப் பேசாம இருங்கோ. என்ர பிள்ளையளை நினைச்சு."

"இருந்து பாத்தன் பிள்ளை," என்றார் மச்சாள். "ஏலாமல் கிடக்கு." பிறகு அந்தத் தம்பியிடம், "பொறுங்கோ தம்பி. என்னோட ஒருக்கா வாங்கோ" என்று சொல்லிவிட்டு வீதியைக் கடந்து நடந்தார்.

வீதிக்கு மறுபக்கம் முஸ்லிம் குடும்பம் ஒன்று புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து, பழைய வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தது. அந்த வீட்டுப் பெரியவரை நாங்கள் நானா என்போம், அறுபது வயதுக்கு மேல். இவ்வளவு சனம் தன் வேலிக்கு வருவதைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். மச்சாள் வளவின் பின்பக்கம் விடத்தல் மூடிக் கிடந்த இடத்தைக் காட்டினார்.

"இதுதான். துலாக் கிணறு. நான் ஏழு எட்டு வயசில இதில குடிச்சிருக்கிறன். உங்கட உம்மாதானே நானா ஓலைப் பட்டையால தண்ணி வாத்தவ. வண்டில் மாட்டுக்கு அங்கால தொட்டி. புளியமரத்துக்குக் கீழ நாங்க படுத்தனாங்கள்."

நானா தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம் அக்கா. நாங்க இப்பதானே வந்து இருக்கிறம். இதால ஒரு கதை வரும்."

"கதை வரட்டும். நான் உள்ளதைத்தானே சொல்லுறன்."

மூப்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கு வாறதை றோட்டுக்கு அங்கால தள்ளிறியள் அக்கா."

"றோட்டுக்கு அங்காலயும் ஊர்தான், மூப்பர்" என்றார் மச்சாள்.

அந்தத் தம்பி கத்தி கேட்டார். யாரும் அசையவில்லை. கடைசியில் நானாவே உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்து வெட்டினார். முள்ளுக்குக் கீழே கல்லுக் கட்டு தெரிந்தது. துலாக்காலாக நட்ட இரண்டு பனங்குற்றி உக்கிப்போய் நின்றன. கொஞ்சம் தள்ளி, உடைந்த தொட்டி. நானா கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டில் உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

"மடுவால திரும்பி வாறவங்க உம்மாக்கு ஒரு முடிச்சு மண் குடுத்திட்டுப் போவாங்க, பாம்பு தீண்டினாத் தடவச் சொல்லி. உம்மா அதை வாசல் நிலைக்கு மேல செருகி வைக்கிற. புத்தளத்துக்குப் போகேக்க வாப்பா நகையைத் தேடினார், உம்மா அந்த முடிச்சைத்தான் தேடினா. மவுத்தாகிக் கண் மூடுற வரைக்கும் தலைமாட்டில கிடந்திச்சு."

மூப்பர் குனிந்து அந்தக் கத்தியை எடுத்து, மிச்ச முள்ளை வெட்டத் தொடங்கினார்.

அந்தப் பிள்ளை போனைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப இந்த அம்மா அங்க கண்டதெண்டு சொன்னவவே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மச்சாளும் என்னைப் பார்த்தார். என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அது சரிதான்.

"அவ கூச்சக்காரி, பிள்ளை" என்றார். "ஆர் என்ன கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவா."

அதிலும் பிழை இல்லை.

மண்டபம் மறுபக்கம் வந்தது. பஸ் அங்கே நின்றது. நானாவின் மருமகள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மகளின் கடைக்கு ஒன்றிரண்டு பேர்தான் வந்தார்கள். மகள் மாமியோடு கதைக்கவில்லை. மச்சாள் அதற்காக வராமல் விடவும் இல்லை. விடியக்காலையில் வந்து அடுப்பு மூட்டி, அப்பம் சுட்டு வைத்துவிட்டுப் போவார். "மாவைக் கரைச்சாச்சோ எண்டு கேளும் மச்சாள்" என்று என்னிடம் சொல்வார். "கரைச்சாச்சு எண்டு சொல்லுங்கோ அம்மா" என்று மகள் என்னிடம் சொல்வாள். மூன்று பேரும் ஒரு தகரத்துக்குக் கீழேதான் நிற்போம். பெரியவளை மன்னாரில் இருந்து எடுத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விட்ட அன்று, மச்சாள் அப்பம் எல்லாம் கருக்கிவிட்டார்.

ஒரு நாள் நானாவின் மருமகள் வீதியைக் கடந்து வந்து, "எங்கட தேத்தண்ணிக்குக் கடிக்க ஒண்டும் இல்லை. உங்கட அப்பத்தை அங்க கொண்டுவந்து வையுங்களன்" என்று மகளிடம் கேட்டாள். மகள் இரண்டு கிழமை யோசித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போதும் அங்கேதான் விற்கிறாள். முன்னைப்போல் ஓட்டம் இல்லை. நிழலுக்கும் விறகுக்கும் இரண்டு பேரும் பிடுங்குப்படுவார்கள். நோன்பு காலத்தில் இவள் அந்தத் தேத்தண்ணியையும் ஊற்றுகிறாள். திருநாளில் அவள் எங்கள் அப்பத்தையும் விற்கிறாள். அவ்வளவுதான். பெரிய ஒற்றுமை என்று எழுதினால் மச்சாளுக்குப் பிடிக்காது.

போன வருடம் மச்சாள் மன்னார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான்காம் நாள் மகள் என்னோடு வந்தாள். அப்பத்தைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்திருந்தாள். பேசாமல் ஒரு கரண்டி ஊட்டினாள். மச்சாள் மென்றார்.

"உப்புக் கூடிப்போச்சு."

"கூடேல்லை மாமி," என்றாள் மகள். அத்தனை நாளுக்குப் பிறகு அவரோடு நேராகக் கதைத்த முதல் சொல். "உங்களுக்குக் காய்ச்சல் வாய். அதான் அப்பிடிக் கிடக்கு."

மச்சாள் கண்ணை மூடி யோசித்தார். "அப்பிடியும் இருக்கும்" என்றார். மகள் மிச்சத்தையும் ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டாள். அந்தக் கிழமைக்குள் மச்சாள் போய்விட்டார்.

இனி நான் எழுத வந்ததை எழுதவேண்டும். சிஸ்டர் கேட்டது இதில்லை என்று தெரியும்.

அந்தப் புத்தகம் மச்சாள் இருக்கும்போதே வந்துவிட்டது. நல்ல வழுவழுப்பான தாள். கிணறு மாறிய பிறகும், முதலில் என்னிடம் கேட்டு எழுதியதை அப்படியே சேர்த்துவிட்டார்கள்போல் இருக்கிறது. அதில் நான் மாதா கிணற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே, சின்ன வயதில் யாத்திரைக்காரர் இங்கே தண்ணீர் குடித்ததைக் கண்ட மூதாட்டி என்று மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது. நடந்து வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைக் காட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டு என்னோடு படம் எடுக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மச்சாள் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிக் கதைத்தார். "அந்தப் பக்கத்தை ஒருக்காத் திருத்தச் சொல்லும் மச்சாள்" என்றார். "நீங்களே சொல்லுங்கோ, எனக்குக் கூச்சம்" என்றேன். "அது உம்மட வாயால வந்தது. நான் திருத்த ஏலாது" என்றார். ஊர் முழுக்கத் திருத்தியவர் இதை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனார்.

அதனால் எழுதுகிறேன். நான் ஒன்றும் காணவில்லை. யாத்திரைக்காரர் அந்த வழியால் போன காலத்தில் நான் பேசாலையில் இருந்தேன். அவர்கள் தண்ணீர் குடித்தது வீதிக்கு மறுபக்கம், நானாவின் வளவில் இருக்கிற துலாக் கிணற்றில்.

மற்றபடி இதில் நான் எழுதிய பலவும் மச்சாள் சொல்லிக் கேட்டதும் என் மறதியும் கலந்தது. நானா வளவில் நின்றது புளியமரமா நாவலா என்று எனக்கு இப்போது சந்தேகம். மண்டபம் கட்டிய வருடமும் சரியாக ஞாபகம் இல்லை. நானா இன்னும் இருக்கிறார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். மலர் அச்சுக்குப் போகும் முன் யாராவது அவரிடம் போய்க் கேட்டு, பிழை இருந்தால் திருத்திவிடுங்கள். அந்தப் புத்தகம் அச்சடித்தவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால் என்னுடைய பக்கத்தையும் அவர்களிடம் சொல்லுங்கள். படத்தை எடுக்கத் தேவையில்லை. கிணற்றுக்கட்டில் கை வைத்துக்கொண்டு நிற்பது நான்தான். கீழே எழுதியிருப்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.